மாதிரி ஏவூர்தி ஏவுநாள்

மாதிரி ஏவூர்தி ஏவுநாள் என்பது, சிறிய ஏவூர்திகளைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் ஒரு கழகமாகக் கூடி, திறந்த வெளியில் அவற்றைப் பறக்கவிட்டு மீட்டெடுக்கும் நிகழ்வாகும். ராக்கெட் எனப் பரவலாக அறியப்படும் ஏவூர்தியின் அறிவியல் அடிப்படைகள் அனைத்தும் இச்சிறு வடிவங்களுக்கும் பொருந்தும். தாள் குழல், பால்சா மரம், நெகிழி ஆகிய எடை குறைந்த பொருள்களால் செய்யப்படும் இவை, தொழிற்சாலையில் செய்யப்பட்ட சிறிய திண்ம எரிபொருள் உந்துபொறியால் மேலெழுகின்றன. உச்சியை அடைந்ததும் வான்குடை அல்லது நாடாவின் உதவியால் மெதுவாகத் தரையிறங்குகின்றன. உந்துபொறியை மாற்றி அதே ஏவூர்தியை மீண்டும் ஏவலாம்.

இப்பொழுதுபோக்கு 1950களில் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றியது. ஏவுநாளில் பின்பற்றப்படும் நடைமுறைகள் பெரும்பாலும் அந்நாட்டின் தேசிய ஏவூர்தியியல் சங்கம் வகுத்த பாதுகாப்பு விதிகளை அடிப்படையாகக் கொண்டவை. பார்ப்பதற்கு விளையாட்டைப் போலத் தோன்றினாலும், வீடுகளில் வெடிமருந்து கலந்து விபத்துக்குள்ளான சிறுவர்களைக் காக்கும் நோக்கமே இவ்விதிகள் உருவாகக் காரணமாக இருந்தது.

பின்னணி

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் இசுப்புட்னிக் 1 செயற்கைக் கோளை விண்ணில் செலுத்தியது. இதைத் தொடர்ந்து அமெரிக்க மாணவர்களிடையே ஏவூர்தி செய்யும் ஆர்வம் பெருகியது. ஆனால் அவர்களுக்குப் பாதுகாப்பான வழி எதுவும் தெரிந்திருக்கவில்லை. உலோகக் குழாய்களில் தாமே கலந்த வேதிப்பொருள்களை அடைத்துப் பற்றவைத்தனர். குழாய் வெடித்தால் அதன் உலோகத் துண்டுகள் நாற்புறமும் சிதறின. இத்தகைய முயற்சிகளில் பலர் விரல்களையும் பார்வையையும் இழந்தனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. மேற்கு வர்ச்சீனியாவின் கோல்வுட் என்ற சுரங்க ஊரில் இதே காலத்தில் துத்தநாகமும் கந்தகமும் கலந்த எரிபொருளைக் கொண்டு ஏவூர்தி செய்த மாணவர்களுள் ஒருவரான ஓமர் இக்கம், அக்காலத்தைப் பற்றி 1998 இல் நூல் எழுதினார். அது 1999 இல் அக்டோபர் சுகை என்ற திரைப்படமாக வெளிவந்தது.

இதற்கான தீர்வு இசுப்புட்னிக்குக்கு முன்பே உருவாகியிருந்தது. நெப்ராசுக்கா மாநிலத்தின் நோர்போக் நகரில் காலணிக் கடை நடத்திவந்த ஓர்வில் கார்லைல், வாணவேடிக்கைக் கலையில் தேர்ந்தவர். அவரது உடன்பிறந்தாரான இராபர்ட் மாதிரி வானூர்திகளில் ஈடுபாடு கொண்டவர். இராபர்ட் ஏவூர்தியின் கோட்பாட்டை விளக்கி ஆற்றும் உரைகளில் காட்டுவதற்காக, 1954 இல் ஓர்வில் ஒரு சிறிய ஏவூர்தியை உருவாக்கினார். இது ராக்-அ-சூட் எனப் பெயரிடப்பட்டது. தாள் உறையில் அடைக்கப்பட்ட, ஒருமுறை மட்டும் பயன்படும் உந்துபொறியே இதன் சிறப்பு. உறை தாளால் ஆனதால், அது வெடித்தாலும் உலோகத் துண்டுகள் சிதறுவதில்லை.

நியூ மெக்சிக்கோவின் வொயிட் சாண்ட்சு ஏவுகணைத் தளத்தில் பணியாற்றிய சி. ஆரி இசுட்டைன், சிறுவர்களின் ஏவூர்தி விபத்துகளைப் பற்றி இதழ்களில் எழுதிவந்தார். அதைப் படித்த கார்லைல் 1957 இல் தமது மாதிரிகளை அவருக்கு அனுப்பினார். அவற்றின் பயனை உணர்ந்த இசுட்டைன் இவற்றை விற்பனை செய்ய ஒரு நிறுவனத்தைத் தொடங்கியதோடு, தேசிய ஏவூர்தியியல் சங்கம் உருவாகவும் காரணமானார். உந்துபொறிகளைப் பெருமளவில் செய்வதற்கு வெர்னன் எசுட்டசு என்பவர் ஒரு தானியங்கி இயந்திரத்தை வடிவமைத்தார். அதற்கு மேபல் எனப் பெயரிட்டார். அவரது எசுட்டசு நிறுவனம் 1961 இல் கொலராடோ மாநிலத்தின் பென்ரோசு நகருக்கு இடம்பெயர்ந்தது.

கார்லைல், இசுட்டைன், எசுட்டசு ஆகிய மூவரின் பணியால் ஓர் அடிப்படை விதி நிலைபெற்றது. ஏவூர்தியின் உடலை ஆர்வலர் செய்யலாம். உந்துபொறியை ஒருபோதும் செய்யக்கூடாது. தொழிற்சாலையில் செய்து, சோதித்துச் சான்றளிக்கப்பட்ட உந்துபொறிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இன்றும் கழக ஏவுநாள்களில் முதலில் சோதிக்கப்படுவது இதுவே.

ஏவூர்தியின் அமைப்பு

மாதிரி ஏவூர்தி ஒன்றின் முதன்மை உறுப்புகள் பின்வருமாறு:

- கூம்புமுனை: காற்றைக் கிழித்துச் செல்லும் முன்பகுதி. பால்சா மரத்தாலோ நெகிழியாலோ ஆனது. ஒட்டப்படாமல் குழலில் செருகி வைக்கப்படும்.
- உடற்குழல்: தாளைச் சுருட்டிச் செய்த குழல்.
- துடுப்புகள்: பின்முனையில் ஒட்டப்படும் மூன்று அல்லது நான்கு தட்டையான இறக்கைகள்.
- உந்துபொறித் தாங்கி: உந்துபொறியை நடுவில் நிலையாகப் பிடித்துவைப்பது.
- அதிர்ச்சி தாங்கும் கயிறு: கூம்புமுனையை உடலுடன் இணைக்கும் மீள்கயிறு.
- வான்குடை அல்லது நாடா: இறங்கும் வேகத்தைக் குறைப்பது.
- தீத்தடுப்புத் தாள்: உந்துபொறியின் சூடான வளிமத்தால் வான்குடை உருகாமல் காப்பது.
- வழிகாட்டிக் குழல்: உடலின் பக்கத்தில் ஒட்டப்படும் சிறு குழல். ஏவுகோல் இதனூடே செல்லும்.

தீபாவளி வாணத்தில் உள்ள நீண்ட குச்சி செய்யும் வேலையை இங்குத் துடுப்புகள் செய்கின்றன. வாணம் பறப்பின் முடிவில் வெடித்து அழிகிறது. மாதிரி ஏவூர்தியோ மீண்டும் கைக்கு வரவேண்டும் என்பதே அதன் வடிவமைப்பின் நோக்கம். இவ்விரண்டுக்கும் உள்ள முதன்மை வேறுபாடு இதுவாகும்.

உந்துபொறியும் அதன் குறியீடும்

சிறிய உந்துபொறிகளில் எரிபொருளாகக் கருமருந்து பயன்படுகிறது. இது பொட்டாசியம் நைத்திரேற்று, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவை. தாள் உறையின் அடிப்பகுதியில் களிமண்ணாலான குறுகிய துளை இருக்கும். அதற்கு மேல் உந்து எரிபொருளும், அடுத்து மெதுவாக எரிந்து புகை விடும் தாமதக் கலவையும், இறுதியாக வான்குடையை வெளித்தள்ளும் சிறு வெடிப்பு மருந்தும் அடுக்கப்பட்டிருக்கும்.

உந்துபொறியின் மீது அச்சிடப்பட்டுள்ள குறியீடு மூன்று செய்திகளைத் தருகிறது. எடுத்துக்காட்டாக, சி6-5 என்பதில்:

- சி என்ற எழுத்து மொத்தக் கணத்தாக்கின் வகுப்பைக் காட்டுகிறது.
- 6 என்பது சராசரி உந்துவிசை 6 நியூட்டன் என்பதைக் காட்டுகிறது.
- 5 என்பது எரிபொருள் தீர்ந்தபின் வான்குடை வெளிவரும் வரையுள்ள தாமதம் 5 நொடி என்பதைக் காட்டுகிறது.

ஒவ்வோர் எழுத்தும் அதற்கு முந்தைய எழுத்தைப் போல் இருமடங்கு கணத்தாக்கை மேல் எல்லையாகக் கொண்டது. ஏ வகுப்பு 2.5 நியூட்டன்-நொடி வரை, பி வகுப்பு 5 வரை, சி வகுப்பு 10 வரை, டி வகுப்பு 20 வரை, ஈ வகுப்பு 40 வரை, எஃப் வகுப்பு 80 வரை, ஜி வகுப்பு 160 வரை ஆகும்.

100 கிராம் எடையுள்ள ஓர் ஏவூர்தியில் 10 நியூட்டன்-நொடி கணத்தாக்கு முழுதும் செலவானால், அதன் திசைவேகம் நொடிக்கு 100 மீட்டர் அளவு கூடவேண்டும். எரியும் நேரத்தில் புவியீர்ப்பு சுமார் 16 மீட்டரைக் கழித்துவிடும். எஞ்சுவது மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். காற்றின் தடையால் உண்மையான வேகம் இதனினும் குறைவாகவே இருக்கும். எனினும் கையளவுப் பொருள் ஒன்று இத்தகைய வேகத்தை அடைவதால்தான் ஏவுநாளில் கடுமையான ஒழுங்கு தேவைப்படுகிறது.

ஏவுகளம்

கழகங்கள் பெரும்பாலும் அறுவடை முடிந்த வயல்கள், புல்வெளிகள், பள்ளி மைதானங்கள் போன்றவற்றை உரிமையாளரின் இசைவுடன் பயன்படுத்துகின்றன. களத்தின் அளவு உந்துபொறியின் வகுப்பைப் பொறுத்தது. தேசிய ஏவூர்தியியல் சங்கத்தின் விதிப்படி, சி வகுப்புக்குக் களத்தின் மிகச்சிறிய பக்கம் 400 அடி (சுமார் 120 மீட்டர்), டி வகுப்புக்கு 500 அடி (சுமார் 150 மீட்டர்) இருக்கவேண்டும். ஈ முதல் ஜி வரையிலான வகுப்புகளுக்கு 1000 அடி தேவை.

ஏவுமேடைகளைச் சுற்றியுள்ள காய்ந்த புல் அகற்றப்படுகிறது. உந்துபொறியின் தீப்பிழம்பு தரையைத் தொடாதிருக்க ஒவ்வொரு மேடையிலும் உலோகத் தகடு பொருத்தப்படும். காற்றின் வேகம் மணிக்கு 20 மைலைத் தாண்டினால் (சுமார் 32 கிலோமீட்டர்) ஏவுதல் நிறுத்தப்படும். மேகத்துக்குள்ளோ, வானூர்திகள் அருகில் பறக்கும்போதோ, ஓர் இலக்கை நோக்கியோ ஏவுவதற்கு இசைவில்லை.

ஏவுநாளில் இரண்டு பொறுப்புகள் இன்றியமையாதவை. பாதுகாப்பு அலுவலர் ஒவ்வோர் ஏவூர்தியையும் சோதித்துப் பறக்கத் தகுதியானதா என முடிவு செய்கிறார். ஏவுகைக் கட்டுப்பாட்டு அலுவலர் வானத்தையும் களத்தையும் பார்த்து, எண்ணிறக்கம் சொல்லி, பொத்தானை அழுத்துகிறார் அல்லது அழுத்த இசைவு தருகிறார். இருவரும் பொதுவாகக் கழக உறுப்பினர்களே. முறை வைத்து இப்பொறுப்புகளை ஏற்பதால், எல்லோருக்கும் தமது ஏவூர்தியைப் பறக்கவிட நேரம் கிடைக்கிறது.

சோதனையும் நிலைப்புத் தன்மையும்

ஏவூர்தியைக் கொண்டுவருபவர் அதன் பெயர், எடை, உந்துபொறியின் குறியீடு, மீட்பு முறை ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதித் தருவார். அலுவலர் துடுப்புகளை மெல்ல அசைத்துப் பார்ப்பார். கூம்புமுனை மிக இறுக்கமாகவோ மிகத் தளர்வாகவோ இல்லை என்பதை உறுதி செய்வார். முதன்முறையாகப் பறக்கும் ஏவூர்தி என்றால் அதன் நிலைப்புத் தன்மை பற்றிக் கேட்பார்.

ஏவூர்தி நேராகப் பறக்க, அதன் ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு முன்னால் இருக்கவேண்டும். காற்றின் விசைகள் அனைத்தும் சேர்ந்து செயற்படுவதாகக் கருதப்படும் புள்ளியே அழுத்த மையமாகும். இவ்விரு மையங்களுக்கும் இடையே குறைந்தது உடற்குழலின் ஒரு விட்டம் அளவு இடைவெளி இருப்பது நல்லது. காற்று ஏவூர்தியைப் பக்கவாட்டில் சாய்த்தால், பின்னால் உள்ள அழுத்த மையத்தில் செயற்படும் விசை அதை மீண்டும் நேராக்கும். மையங்கள் இடம் மாறியிருந்தால் இதே விசை சாய்வை மேலும் கூட்டி, ஏவூர்தியை வானில் கரணமடிக்கச் செய்யும்.

இதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. உந்துபொறியைப் பொருத்தியபின் ஈர்ப்பு மையத்தில் நூலைக் கட்டி, ஏவூர்தியைத் தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். கூம்புமுனை முன்னோக்கியே சென்றால் அது நிலைப்புடையது. கணக்கீட்டு முறையில் அறிய, நாசாவின் பொறியாளரான சேம்சு பாரோமன் 1966 இல் ஆர்வலர்களுக்காக வெளியிட்ட சமன்பாடுகள் பயன்படுகின்றன. பள்ளி இயற்கணிதம் அறிந்த மாணவரும் இவற்றைக் கையாள முடியும். நிலைப்புக் குறைவான ஏவூர்தியின் முனையில் சிறிது களிமண்ணை வைத்து எடை கூட்டினால் ஈர்ப்பு மையம் முன்னோக்கி நகரும்.

ஏவுதல்

சோதனையில் தேறிய ஏவூர்தி மேடைக்கு எடுத்துச் செல்லப்படும். சுமார் 90 சென்டிமீட்டர் நீளமுள்ள ஏவுகோலில் அதன் வழிகாட்டிக் குழல் கோக்கப்படும். தொடக்கத்தில் வேகம் குறைவாதலால் துடுப்புகள் பயன் தருவதில்லை. போதிய வேகம் வரும்வரை ஏவுகோலே வழிகாட்டுகிறது. ஏவுகோல் செங்குத்துத் திசையிலிருந்து 30 பாகைக்கு மேல் சாயக்கூடாது.

100 கிராம் ஏவூர்தியின் எடை சுமார் 1 நியூட்டன். 6 நியூட்டன் உந்துவிசை செயற்பட்டால் மேல்நோக்கிய முடுக்கம் நொடிக்கு நொடி 50 மீட்டர் ஆகும். 90 சென்டிமீட்டர் கோலை விட்டு நீங்கும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 9.5 மீட்டராக இருக்கும். கருமருந்து உந்துபொறிகள் தொடக்கத்தில் சராசரியை விடக் கூடிய விசை தருவதால் நடைமுறையில் வேகம் இதனினும் மிகும். உந்துவிசை எடையைப் போல் ஐந்து மடங்காவது இருக்கவேண்டும் என்ற வழக்கு இத்தகைய கணக்கிலிருந்தே வந்தது.

தீமூட்டி என்பது நுனியில் தீப்பற்றும் பூச்சுள்ள மெல்லிய கம்பியாகும். அதன் நுனி எரிபொருளைத் தொடும்படி துளையில் செருகப்பட்டு, மின்கம்பிகளுடன் இணைக்கப்படும். இணைக்கும்போது பாதுகாப்புச் சாவி கட்டுப்பாட்டுக் கருவியில் இருக்கக்கூடாது. பின்னர் எல்லோரும் விலகி நிற்பர். டி வகுப்பு வரை 15 அடியும் (சுமார் 4.5 மீட்டர்), அதற்கு மேல் 30 அடியும் (சுமார் 9 மீட்டர்) குறைந்த அளவு இடைவெளியாகும். சாவி செருகப்பட்டபின் ஐந்திலிருந்து எண்ணிறக்கம் உரக்கச் சொல்லப்படும்.

பொத்தானை அழுத்தியும் ஏவூர்தி கிளம்பாவிட்டால் சாவியை எடுத்துவிட்டு 60 நொடி காத்திருக்க வேண்டும். அதன்பின்பே மேடையை அணுகலாம். மின்கலம் வலுவிழந்திருப்பதும், கவ்விகள் ஒன்றையொன்று தொடுவதும், தீமூட்டி சற்று விலகியிருப்பதும் இதற்குப் பொதுவான காரணங்கள். ஏவுநாளுக்கு முதன்முறை வரும் சிறுவர்களுக்கு இந்த ஒரு நிமிடக் காத்திருப்பே கடினமானது. பொறுமையின்றி ஓடிச் செல்பவர் உந்துபொறி தாமதமாகப் பற்றினால் அதன் எதிரே நிற்க நேரும் என்பதால், இவ்விதிக்கு விலக்கு அளிக்கப்படுவதில்லை.

பறப்பும் மீட்பும்

எரிபொருள் சி6 வகையில் இரண்டு நொடிக்குள் தீர்ந்துவிடும். அதன்பின் ஏவூர்தி தன் உந்தத்தால் மேலே செல்கிறது. அப்போது எரியும் தாமதக் கலவையின் வெண்புகை அதன் தடத்தைக் காட்டும். உச்சியில் வேகம் மிகக் குறையும் வேளையில் வெளித்தள்ளும் மருந்து பற்றி, கூம்புமுனையைக் கழற்றி வான்குடையை விரிக்கும்.

தாமத நேரத்தைத் தேர்ந்தெடுப்பது முதன்மையான முடிவாகும். தாமதம் குறைவாயின் வான்குடை வேகமாகச் செல்லும்போதே விரிந்து கிழியும். கயிறு உடற்குழலையும் பிளந்துவிடும். தாமதம் மிகுந்தால் ஏவூர்தி தலைகீழாகத் திரும்பி விழும் வேகத்தில் வான்குடை விரியும், அல்லது விரியுமுன்பே தரையில் மோதும்.

வான்குடையின் அளவும் அவ்வாறே. 200 மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 4 மீட்டர் வீதம் இறங்கும் ஏவூர்திக்கு 50 நொடி தேவை. நொடிக்கு 5 மீட்டர் காற்று வீசினால் அது 250 மீட்டர் தள்ளிப் போய் விழும். வான்குடைக்கு மாறாக நாடாவைக் கட்டி இறங்கும் வேகத்தை 8 மீட்டராக்கினால், விலகல் 125 மீட்டராகக் குறையும். தேர்ந்தவர்கள் காற்று எழுந்ததும் வான்குடையை எடுத்துவிட்டு நாடாவைக் கட்டுவது இதனாலேயே. சிலர் வான்குடையின் நடுவில் துளையிட்டும் வேகத்தைக் கூட்டுவர்.

நண்பகலை நெருங்கும்போது தரை சூடாகி, வெப்பக் காற்று மேலெழும். எடை குறைந்த ஏவூர்தியின் வான்குடை இதில் சிக்கினால் இறங்காமல் மிதந்து கண்ணுக்கு மறைந்துவிடுவதும் உண்டு. மிதக்கும் நேரத்துக்கான போட்டிகளில் பங்கேற்போர் இவ்வெழுகாற்றுக்காகவே காத்திருப்பர். மற்றவர்கள் காலை நேரத்தையே விரும்புவர்.

மின்கம்பிகளிலோ உயர்ந்த மரங்களிலோ சிக்கிய ஏவூர்தியை எடுக்க முயலக்கூடாது என்பது பாதுகாப்பு விதிகளுள் ஒன்று. பல வாரங்கள் உழைத்துச் செய்த ஏவூர்தியாயினும் அது கைவிடப்பட வேண்டும். இறங்கிவரும் ஏவூர்தியைக் கையால் பிடிப்பதற்கும் இசைவில்லை.

உயரத்தை அளத்தல்

ஏவுமேடையிலிருந்து அறிந்த தொலைவில் நிற்பவர், கோணமானியால் உச்சியின் ஏற்றக் கோணத்தை அளந்தால் உயரத்தைக் கணக்கிடலாம். தொலைவை அக்கோணத்தின் தாஞ்சனால் பெருக்கினால் உயரம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 100 மீட்டர் தொலைவில் கோணம் 60 பாகை எனில் உயரம் 173 மீட்டர். ஏவூர்தி செங்குத்தாகச் செல்லாவிடில் இம்முறையில் பிழை நேரும். ஆதலால் போட்டிகளில் இரண்டு இடங்களிலிருந்து அளந்து ஒப்பிடுவர். தற்காலத்தில் காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைப் பதிவு செய்யும் சிறு மின்னணுக் கருவிகள் ஏவூர்தியினுள்ளேயே வைக்கப்படுகின்றன.

பழுதுகள்

எல்லாப் பறப்புகளும் வெற்றி பெறுவதில்லை. வான்குடை விரியாமல் ஏவூர்தி ஈட்டி போல விழுவது பொதுவான பழுது. அப்போது அலுவலர் ஒலிபெருக்கியில் எச்சரிப்பார். எல்லோரும் எழுந்து, விழும் ஏவூர்தியைப் பார்த்து, அதை நோக்கிக் கைநீட்டிக் காட்டவேண்டும் என்பது வழக்கம். காணாதவருக்கும் அது எங்கே வருகிறது என்பது இதனால் தெரிகிறது. உந்துபொறி வெடிப்பது அரிதாக நிகழும். வெப்பமும் குளிரும் மாறி மாறித் தாக்கிய இடத்தில் வைத்திருந்த உந்துபொறிகளில் எரிபொருள் விரிசல் விடுவது இதற்கு ஒரு காரணமாகும். தாள் உறையும் விலகி நிற்கும் இடைவெளியும் இத்தகைய வேளைகளில் காயம் நேராமல் காக்கின்றன.

போட்டிகள்

ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் போட்டி 1959 முதல் நடைபெற்று வருகிறது. பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பின் முதலாவது உலகப் போட்டி 1972 இல் அன்றைய யுகோசுலாவியாவின் விர்சாத்சு நகரில் நடந்தது. உயரம், வான்குடையில் மிதக்கும் நேரம், நாடாவில் இறங்கும் நேரம், உண்மையான ஏவூர்தியின் அளவொத்த உருவம் எனப் பல பிரிவுகள் உள்ளன.

2003 முதல் அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கென நடத்தப்படும் அணிப் போட்டியில், கோழிமுட்டையைச் சுமந்து சென்று உடையாமல் கொண்டுவர வேண்டும். மிக உயரப் பறப்பவர் இதில் வெல்வதில்லை. குறிக்கப்பட்ட உயரத்துக்கும் நேரத்துக்கும் மிக அருகில் வருபவரே வெல்கிறார். இதன் வெற்றியாளர்கள் பிரித்தானியா, பிரான்சு, சப்பான் நாடுகளின் அணிகளுடனும் போட்டியிட்டுள்ளனர்.

உயர்திறன் ஏவூர்திகள்

ஜி வகுப்புக்கு மேற்பட்ட உந்துபொறிகளைக் கொண்டவை உயர்திறன் ஏவூர்திகள் எனப்படுகின்றன. இவற்றில் அமோனியம் பெர்குளோரேட்டு கலந்த எரிபொருள் பயன்படுகிறது. இவற்றை ஏவ மூன்று படிநிலைச் சான்றிதழ்கள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் ஏவூர்தியைப் பறக்கவிட்டு, பழுதின்றி மீட்டுக் காட்ட வேண்டும். இவ்வெரிபொருளை வெடிபொருள் பட்டியலில் சேர்த்திருந்த அமெரிக்க அரசு அமைப்புக்கு எதிராக ஆர்வலர் சங்கங்கள் 2000 இல் வழக்குத் தொடர்ந்தன. 2009 இல் நீதிமன்றம் சங்கங்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

கல்விப் பயன்

நியூட்டனின் இயக்க விதிகள், முக்கோணவியல், காற்றியக்கவியல் ஆகியவற்றை மாணவர்கள் தாமே அளந்து அறிய ஏவுநாள் வாய்ப்பளிக்கிறது. கணக்கிட்ட உயரமும் அளந்த உயரமும் வேறுபடும்போது, காற்றின் தடையை ஏன் கணக்கில் கொள்ளவேண்டும் என்பது விளங்குகிறது. அத்துடன், வெடிமருந்து சார்ந்த ஒரு செயலை முறையாகச் சோதித்து, காத்திருந்து, பிறருக்குத் தீங்கின்றிச் செய்யும் பழக்கமும் ஏற்படுகிறது. 1950களில் தனியே குழாய்களை நிரப்பிய சிறுவர்களுக்குக் கிடைக்காதது இப்பழக்கமே.

இவற்றையும் பார்க்கவும்

- ஏவூர்தி
- நியூட்டனின் இயக்க விதிகள்
- வான்குடை
- கருமருந்து
- இசுப்புட்னிக் 1